ஜோப்புல வைக்க பெரிய போர் (குழல் அளவு) துப்பாக்கி: களக்காட்டுத் தம்பிக்கு ஒரு பதில்

களக்காட்டுல வாழைக்காய் மண்டி வச்சிருக்க தம்பி ஒருத்தரு எழுதியிருக்காரு. லெட்டர் நாலு பக்கம், நா சுருக்கிப் போடுதேன்:

"அண்ணாச்சி, ஏத்தன் சீசன்ல காலைல நாலு மணிக்கே டாடா ஏஸ்ல நாங்குநேரி ரோட்டுல போவேன், கையில ரெண்டு மூணு லட்சம் துட்டு இருக்கும். போன மாசம் ரெண்டு பயலுவ பைக்ல கொஞ்ச தூரம் பின்னாலயே வந்தானுவ, அப்புறம் திரும்பிட்டானுவ. அதுல இருந்து மனசு சரியில்ல. தாத்தா வழில வந்த டபுள் பேரல் லைசென்ஸ் என் பேருல இருக்கு. கூட ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம்னு பாக்கேன். ஹூஸ்டன்ல இருக்க மச்சான் பேன்ட் ஜோப்புல 9 எம்.எம். வச்சிருக்கான், சிக் பி365, உள்ளங்கை அளவுதான் இருக்கு, 11 ரவுண்டு போகுதாம். பாயிண்ட் 32 எல்லாம் பொம்மை, வாங்குனா 9 எம்.எம். வாங்கு, முடிஞ்சா 45 வாங்குன்னு சொல்லுதான். எது வாங்கட்டும்? அப்புறம் தாத்தா பெட்டில 12 போர் தோட்டா பழசு ஒரு இருபது கெடக்கு, அது வெடிக்குமா?"

தம்பி, பட்டாளத்துல 24 வருஷம் ஆர்மரரா (துப்பாக்கி பாத்துப் பராமரிக்கறவனா) இருந்துட்டு வந்து இப்ப பாளையங்கோட்டையில ரிப்பேர் கடை வச்சிருக்கேன், அதனால கைக்குத் தெரிஞ்சத மட்டும் சொல்லுதேன். மொதல்ல உங்க மச்சான் சொன்னதுல பாதி சரி, ஆனா அது ஹூஸ்டனுக்குச் சரி. (9 எம்.எம்., பாயிண்ட் 32, 45ங்கிறதெல்லாம் குழல் அளவுதான், மொதல்து மில்லிமீட்டர்ல, மத்தது இஞ்சுல.)

டெக்சாஸ்ல 2021 செப்டம்பர்ல இருந்து, தகுதி இருக்க ஆளு பெர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி வச்சுக்கிட்டு நடமாடலாம், கடையில போயி வாங்கிட்டு வந்துரலாம். (மச்சான் க்ரீன் கார்டா எச்1பி-யான்னு ஒரு தடவ கேட்டுக்கோங்க, எச்1பி விசாக்காரங்க துப்பாக்கி வச்சுக்கிடறதுக்கு அங்க ஃபெடரல் சட்டத்துலயே தடை இருக்கு, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான்.) நம்மூர்ல அப்படி இல்ல. 1959 ஆயுதச் சட்டம், அதுக்கு கீழ வந்த விதிகள்ல ஒரு பட்டியல் உண்டு, அதுல சர்வீஸ் 9 எம்.எம்., பாயிண்ட் 45 ரிம்லெஸ் (அடில ரிம், அதாவது விளிம்பு, துருத்தாதது), பாயிண்ட் 455, ரிம் வச்ச பாயிண்ட் 380 இந்தத் தோட்டா எதையாவது போட்டுச் சுட முடியுற பிஸ்டலோ ரிவால்வரோ தனியாளுக்குக் கெடையாதுன்னு இருக்கு. அதோட அடிப்படை வெள்ளக்காரன் காலத்துப் புத்திதான், பட்டாளமும் போலீஸும் வச்சிருக்க தோட்டா ஜனங்க துப்பாக்கில நொழையக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இதத்தான் பி.பி., புரோஹிபிட்டட் போர், தடை செஞ்ச குழல் அளவுன்னு சொல்லுவாங்க. மத்தது என்.பி.பி., தடை இல்லாதது. நீங்க கலெக்டர் ஆபீஸ்ல மனு போட்டு வாங்கக்கூடியது அந்த என்.பி.பி.தான், அதுல கைத்துப்பாக்கின்னா நடைமுறைல பாயிண்ட் 32, இல்லன்னா பாயிண்ட் 22. ஆக 9-ஆ 45-ஆங்கிற சண்டைய மச்சான் கூட வாட்ஸப்புல போட்டுக்கிடலாம், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்ல போட முடியாது.

இத ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, "9 எம்.எம். நல்ல சாமான் ஒண்ணு வடக்க இருந்து வந்திருக்கு அண்ணாச்சி"ன்னு காதுல சொல்ற ஆளு உங்க மண்டி வாசல்லயே வருவான். பி.பி. ஆயுதம் லைசென்ஸ் இல்லாம கையில இருந்தா 2019 திருத்தத்துக்கு அப்புறம் 7 வருஷத்துல இருந்து 14 வருஷம். ரெண்டு லட்சம் துட்டக் காப்பாத்தப் போயி பாளையங்கோட்டை சென்ட்ரல் ஜெயில்ல உக்காந்துக்கிட்டு எனக்கு லெட்டர் போடாதீங்க. மச்சான் ஊருக்கு வாரப்ப பெட்டில போட்டுக் கொண்டாரவும் சொல்லாதீங்க, துப்பாக்கி வேணாம், பையோட அடில மறந்துபோன ஒரே ஒரு தோட்டா கெடந்தாலே ஏர்போர்ட்ல ஸ்கேன்ல மாட்டி ஸ்டேஷன் வரைக்கும் போகுது.

சரி, சட்டத்த விடுங்க. சட்டமே இல்லன்னு வச்சுக்கிட்டாலும் ஜோப்புல வைக்கிற சின்னதுக்குள்ள பெரிய போர் போடுறது நல்லதான்னு கேட்டா, நா உங்களுக்கு வேணாம்னுதான் சொல்லுவேன், காரணத்த சொல்லுதேன்.

துப்பாக்கி எடைதான் உதைய, அதாவது சுடும்போது பின்னால தள்ளுறத, தாங்குது. ஒரே தோட்டா, துப்பாக்கியோட எடை பாதியாச்சுன்னா கைக்கு வர்ற உதையோட சக்தி ரெண்டு மடங்காயிரும், இது எந்தக் கம்பெனிக்காரனாலயும் மாத்த முடியாத கணக்கு. பட்டாளத்துல நாங்க வச்சிருந்தது 9 எம்.எம். 1ஏ, பிரவுனிங் ஹை பவர் டிசைன்ல இஷாப்பூர்ல செஞ்சது, ஒரு கிலோவுக்குப் பக்கத்துல வரும், அத வச்சு புது ரெக்ரூட் பயகூட ரெண்டு நாள்ல ஒழுங்கா சுடுவான். மச்சானோட சிக் அரைக் கிலோ, பேரல் மூணு இஞ்சுக்கு கொஞ்சம் கூட. அதே தோட்டா, உதை ரெண்டு மடங்கு, கைப்பிடில சுண்டுவிரலுக்கு இடமே பத்தாது, சத்தமும் நெருப்பும் மூஞ்சிக்குப் பக்கத்துல. அந்த ஊர்ல ஜோப்பு பிஸ்டல்னா ரொம்ப காலம் பெரும்பாலும் பாயிண்ட் 25, 32ன்னுதான் இருந்துச்சு, 2008ல ரூகர் எல்.சி.பி. வந்து பாயிண்ட் 380-ஐ 266 கிராம்ல கொடுத்தான், 2018ல சிக் வந்து அதே ஜோப்புக்குள்ள 9 எம்.எம்.மயும் மேகசின்ல பத்து, குழல்ல ஒண்ணுன்னு ரவுண்டையும் அடைச்சான், எல்லாம் நல்ல இன்ஜினியரிங்தான் இல்லேங்கல, ஆனா அது வாரா வாரம் ரேஞ்சுக்குப் போயி ஐம்பது நூறு ரவுண்டு சுடுற ஆளுக்கு. நமக்கு தோட்டாவே லைசென்ஸ்ல எழுதுன எண்ணிக்கைக்குத்தான், விலையும் கூட. பழகாத கைக்கு பெரிய போர் எதுக்கு.

பயந்த கை என்ன செய்யும்னு ஒண்ணு சொல்லுதேன். ஒரு ரைஸ்மில் முதலாளி, ஆளு ஆறடி, கையி உலக்கை மாதிரி. கிளப் ரேஞ்சுல பாயிண்ட் 32 ரிவால்வர வச்சு சுட்டாரு, பத்து மீட்டர்ல குண்டெல்லாம் டார்கெட்டுக்கு ஒரு முழம் கீழ மண்ணுல போகுது. துப்பாக்கி சைட் (குறி பாக்குற முனை) சரியில்ல, பாருங்கன்னு என்கிட்ட சண்டை. நா ஒண்ணும் சொல்லல, அவரு பாக்காம திரும்பி நின்னு சிலிண்டர்ல (தோட்டா போடுற உருளைல) ரெண்டு நல்ல தோட்டா, நாலு சுட்ட காலித் தோட்டா கலந்து போட்டுக் கொடுத்தேன். மொத இழுப்பு காலி. சத்தமே இல்ல, ஆனா துப்பாக்கி மூக்கு படக்குன்னு ரெண்டு இஞ்சு கீழ குனிஞ்சுது, மாடு மூக்கணாங்கயித்த இழுத்தா குனியுமே அப்படி. பக்கத்துல நின்ன அவரு மகன் சிரிச்சுட்டான். மனுசனுக்கு அப்பத்தான் புரிஞ்சுது, உதை வரும் வரும்னு எதிர்பாத்து மணிக்கட்டு தானா அமுக்குது. இது 32-லயே. அவரு கையில அரைக்கிலோ 9 எம்.எம்.மக் கொடுத்திருந்தா என்ன நடந்திருக்கும்னு நீங்களே நெனச்சுக்கோங்க. எனக்கும் பட்டாளத்துல மொத வருஷம் இதே வியாதி இருந்துச்சு, எங்க உஸ்தாத் (பயிற்சி கொடுக்கறவரு) இதே மருந்ததான் கொடுத்தாரு, கூட ரெண்டு கெட்ட வார்த்தை.

சக்தி கணக்கும் கேளுங்க, மறைக்கல. பாயிண்ட் 32 பிஸ்டல் தோட்டா சுமாரா 175 ஜூல், 9 எம்.எம். 450, 460 ஜூல், ரெண்டரை மடங்கு. பாயிண்ட் 45 அதுக்கு கொஞ்சம் மேல, அவ்வளவுதான், மச்சான் நெனைக்கிற மாதிரி 45ங்கிறது ஒண்ணும் பீரங்கி இல்ல. அமெரிக்காவுல எஃப்.பி.ஐ.க்காரங்களே 1986ல மியாமில ரெண்டு ஏஜென்ட்ட பறிகொடுத்துட்டு பெருசு வேணும், பெருசு வேணும்னு 10 எம்.எம்., பாயிண்ட் 40ன்னு போனாங்க, கடைசில சுத்தி வந்து மறுபடியும் 9 எம்.எம்.முக்கே வந்துட்டாங்க, ஏன்னா அதுல ஆளுங்க அடிக்கிறது இலக்குல படுது, ரெண்டாவது குண்டும் வெரசா போகுது. முழுநேரம் அதே சோலியா இருக்கவங்களுக்கே இந்தக் கதை. அதனால 32 வலு கம்மிதான், ஒத்துக்கிடுதேன், ஆனா பொம்மை இல்ல. பிரவுனிங் 1899 வாக்குல போட்ட டிசைன், அந்தக் காலத்துல ஐரோப்பா போலீஸ் பாதிப்பேரு அததான் இடுப்புல வச்சிருந்தான். (நம்மூர்ல பிரவுனிங்னு சொன்னா கெழவங்களுக்கு 1911 மணியாச்சிதான் ஞாபகம் வரும், வாஞ்சிநாதன் கையில இருந்தது பெல்ஜியத்துல செஞ்ச பிரவுனிங்.)

இப்ப கடையில என்ன கெடைக்கும்னு பாப்போம். எல்லாம் கான்பூர், இஷாப்பூர் ஃபேக்டரி சாமான்தான் பெரும்பாலும். 2014ல வந்த நிர்பீக், டைட்டானியம் கலந்தது, அரைக்கிலோ, ஆறு ரவுண்டு, பாயிண்ட் 32. பொம்பளைங்களுக்குன்னு விளம்பரம் பண்ணி வந்தப்பவே விலை ஒண்ணே கால் லட்சத்துக்குப் பக்கம். அதுக்கு முன்னாலயே இருக்கது ஸ்டீல் பாயிண்ட் 32 ரிவால்வர், பழைய வெப்லி மாதிரி மேல லாட்ச்ச அமுக்குனா உங்க தாத்தா டபுள் பேரல் மாதிரியே நடுவுல மடங்கும், ஆறு காலித் தோட்டாவும் ஒரே தள்ளுல வெளிய விழும், உங்களுக்கு அந்தக் கைப்பழக்கம் ஏற்கனவே இருக்கு. 2023ல பிரபல்னு ஒண்ணு வந்துச்சு, 700 கிராம், பேரல் 76 மில்லிமீட்டர், சிலிண்டர் பக்கவாட்டுல தொறக்கும். 50 மீட்டர் போகும்னு பெருமையா சொல்லுதாங்க, போகட்டும், உங்க பிரச்சனை நடக்கப்போறது டாடா ஏஸ் கதவுக்கு வெளிய மூணடில. அப்புறம் இஷாப்பூர் பாயிண்ட் 32 பிஸ்டல்.

இதுல ஒரு சோலி கவனமா இருக்கணும். ரிவால்வர் 32 வேற, பிஸ்டல் 32 வேற. ரிவால்வருக்கு நீளமான ரிம் வச்ச லாங் தோட்டா, பிஸ்டலுக்கு குட்டை ஏ.சி.பி. தோட்டா. பேரு ஒண்ணாங்காட்டியும் மாத்தி வாங்கிட்டு வந்து, ரிவால்வர்ல நொழையுதே அண்ணாச்சின்னு கேக்கறவங்க உண்டு. நொழையும். நொழையுதுங்கிறதுக்காக சுடக்கூடாது.

பிஸ்டலா ரிவால்வரான்னா உங்களுக்கு ரிவால்வர். பிஸ்டல் தட்டையா இருக்கும், ஜோப்புல துருத்தாது, அது நெசம். ஆனா சிக்குச்சுன்னா மேகசின (தோட்டாப் பெட்டிய) உருவி, ஸ்லைடு (மேல நகர்ற பாகம்) இழுத்து, மறுபடி போடணும், விடிகாலை இருட்டுல கை நடுங்கும்போது வருசத்துக்கு ரெண்டு தடவ தொடுற ஆளுக்கு அது வராது. ரிவால்வர்ல ஒண்ணு வெடிக்கலன்னா அடுத்தத இழுக்க வேண்டியதுதான். அதுக்கும் ஒரு கஷ்டம் உண்டு, ஹாமர, அதாவது பின்னால இருக்க சுத்திய, தூக்காம நேரா இழுத்தா ட்ரிக்கர் இழுப்பு அஞ்சு கிலோ வரைக்கும் வரும். அரைக்கிலோ சாமான அஞ்சு கிலோ பலத்துல இழுத்தா அது ஆடாம என்ன செய்யும்? அதனாலதான் நிர்பீக்க விட ஸ்டீல் ரிவால்வரோ பிரபலோ நல்லதுன்னு சொல்லுதேன், எடை கூடுனா கையில நிக்கும்.

எடை கூடுனா ஜோப்புல நிக்காதே அண்ணாச்சின்னு கேப்பீங்க. நிக்க வேணாம். ஜோப்பே வேணாம்.

என்கிட்ட ரிப்பேருக்கு வந்த ஒண்ண சொல்லுதேன். நல்ல ரிவால்வர், சிலிண்டர் சுத்த மாட்டேங்குது, கல்லு மாதிரி நிக்குதுன்னு கொண்டு வந்தாரு ஒருத்தரு. மடக்கித் தொறந்து எக்ஸ்ட்ராக்டர் (காலித் தோட்டாவத் தள்ளுற நட்சத்திரத் தகடு, ஸ்டார்னும் சொல்லுவோம்) அடில பாத்தா ரெண்டு பீடித்தூள். ரெண்டே ரெண்டு. அது அடில உக்காந்ததால ஸ்டார் ஒரு நூல் தூக்கிக்கிட்டு நிக்குது, சிலிண்டர் பின்பக்கம் போயி அழுத்தி இறுகிருச்சு. கேட்டா பட்டாபட்டி டவுசர் பையில வச்சிருக்காரு, பீடிக்கட்டு, துட்டு, வெத்தலைப் பொட்டலம் எல்லாம் அதே பையில, மேல வேட்டி. தோட்டாவ உருவுனா பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு, நம்மூர் வெயில்ல வேர்வை ஊறி ஊறி. குழல் வெளிப்பக்கம் துரு, ரேகை ரேகையா அவரு தொடையோட மயிர்க்கால் கூடத் தெரியாத குறைதான். இத நம்பி மனுசன் மூணு வருஷம் தைரியமா ராத்திரி பயணம் போயிருக்காரு. அத விட மோசம், அந்தப் பையில சாவியோ பேனாவோ ட்ரிக்கர்ல நொழைஞ்சா முழங்கால் போயிரும், இல்ல தொடையில பெரிய ரத்தக்குழாய்.

சட்டமும் அததான் சொல்லுது, 2016 விதிப்படி பொது இடத்துல கைத்துப்பாக்கின்னா அதுக்குன்னு செஞ்ச ஹோல்ஸ்டர்ல, உடம்போட சேத்து, முழுசா மூடி, உங்க கட்டுப்பாட்டுல இருக்கணும். எடுத்துக் காட்டுறது, வேட்டியத் தூக்கி இடுப்பக் காமிக்கிறது எல்லாம் கூடாது. கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் வானத்தப் பாத்துச் சுட்டா ரெண்டு வருஷம் வரை ஜெயில், இல்ல ஒரு லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும்.

இன்னொன்னு இன்னைக்கே செஞ்சு பாருங்க. டாடா ஏஸ்ல ஏறி உக்காந்து, சீட் பெல்ட் போட்டு, கைய ஸ்டியரிங்ல வச்சுக்கிட்டு, வலது பேன்ட் ஜோப்புல இருக்க செல்போன எடுங்க. இடுப்பத் தூக்கணும், பெல்ட்டு இழுக்கும், முழங்கை கதவுல இடிக்கும். வேட்டின்னா கேக்கவே வேணாம். துப்பாக்கின்னா ஹாமர் வேற துணில மாட்டும், அதுக்காகத்தான் அமெரிக்காவுல ஹாமர உள்ள மறைச்சு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 மாதிரி ஜோப்புக்குன்னே செய்யுதாங்க. உங்களுக்கு வண்டில உக்காந்தே எடுக்கணும்னா தொப்புளுக்கு இடப்பக்கம், வலது கைக்கு வாட்டமா, ட்ரிக்கர் முழுக்க மூடுன ஹோல்ஸ்டர், மேல தொளதொள சட்டை. தோல் ஹோல்ஸ்டர்லயே மாசக்கணக்கா ஊறப் போடாதீங்க, வீட்டுக்கு வந்ததும் எடுத்துத் தொடச்சு லேசா எண்ணெய் விட்டு, தரையோட போல்ட் போட்ட பெட்டில பூட்டுங்க, தோட்டா வேற இடத்துல. வீட்டுல பிள்ளைங்க இருக்கா இல்லையான்னு எழுதல, இருந்தா இதுல பேச்சே கெடையாது.

வாங்கறதா இருந்தா வழி இதான். டபுள் பேரல் லைசென்ஸ் இருக்கதுனால கைத்துப்பாக்கியும் அதுல தானா ஏறிராது, ஏ-1 ஃபார்ம், பயிற்சிக்கு எஸ்-1 சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. 2019க்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டு துப்பாக்கிதான், இதோட உங்க கோட்டா முடிஞ்சுது. காரணம் எழுதும்போது "பயமா இருக்கு"ன்னு எழுதாதீங்க, அந்த பைக்காரனுவ விஷயத்த ஸ்டேஷன்ல சொல்லி சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கியிருக்கீங்களா? லெட்டர்ல அதப் பத்தி ஒரு வரி இல்ல. மொதல்ல அதச் செய்யுங்க, அந்த ரோட்டுல விடிகாலை ரோந்தும் கேளுங்க. துப்பாக்கி கைக்கு வந்தாலும் எலெக்ஷன் அறிவிச்சதும் ஸ்டேஷன்லயோ டீலர்கிட்டயோ ஒப்படைக்கச் சொல்லுவாங்க, பார்லிமென்ட், சட்டமன்றம், உள்ளாட்சின்னு நம்மூர்ல எலெக்ஷனுக்கு என்ன பஞ்சம், அந்த மாசமெல்லாம் உங்ககிட்ட ஹோல்ஸ்டர்தான் இருக்கும்.

சுடுற நெலமை வந்தா தற்காப்பு உரிமை இருக்கு, பாரதிய நியாய சன்ஹிதால 34ல இருந்து 44 வரைக்கும் உள்ள பிரிவு அததான் பேசுது, ஆனா அவசியம் இருந்துச்சுன்னு கோர்ட்டுல காட்ட வேண்டிய பொறுப்பு உங்க தலையில. பைய பிடுங்கிட்டு ஓடுறவன் முதுகுல சுட்டீங்கன்னா நிலைமை தலைகீழ். வக்கீல் ஒருத்தர்கிட்ட அரை மணி நேரம் உக்காந்து கேட்டுட்டு அப்புறம் மனு போடுங்க.

கடைக்காரனா என் யாவாரத்துக்கு விரோதமா ஒண்ணு சொல்லட்டுமா? உங்க பிரச்சனை போர் சைஸ் இல்ல, நாலு மணி இருட்டுல மூணு லட்சம் ரொக்கம். விவசாயிக்கு பாதிய முந்தின நாளே பேங்க்ல போட்டு விடுங்க, ரொக்கமே வேணும்ங்கிறவங்களுக்கு பொழுது விடிஞ்சு மண்டிக்கு வரச் சொல்லுங்க, போற நேரத்தையும் வழியையும் மாத்துங்க, தனியாப் போகாதீங்க. இதெல்லாம் செஞ்சு ரெண்டு மாசம் பாத்துட்டு அப்புறமும் வேணும்னா ஸ்டீல் பாயிண்ட் 32 ரிவால்வர், இடுப்புல, ஹோல்ஸ்டரோட. அதுக்கு மேல மச்சான் ஏதாச்சும் சொன்னா என் நம்பரக் கொடுங்க.

தாத்தா தோட்டாவுக்கு வாரேன். சுட்டுப் பாக்காதீங்க. அட்டைக்கூடு தோட்டாவா இருந்தா ஈரத்துல ஊதியிருக்கும், சேம்பர்ல (தோட்டா உக்காருற குழல் அடில) பாதி போயி மாட்டிக்கிட்டு தட்டி ஏத்துவீங்க, அதான் பயம். சிலது வலு இல்லாம வெடிச்சு குண்ட பாதிக் குழல்ல விட்டுட்டு நின்னுக்கிடும், அது தெரியாம அடுத்தத சுட்டா குழல் கிழியும். அடுப்புல போடறது, கெணத்துல எறியறது எல்லாம் வேணாம். அப்படியே டப்பாவோட வச்சு, லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஸ்டேஷன்லயோ எழுதிக் கொடுத்து ஒப்படைச்சு ரசீது வாங்கிக்கோங்க. அந்த டபுள் பேரலையும் எத்தன வருஷமா தொறக்கலையோ, ஃபயரிங் பின், ஸ்பிரிங் எல்லாம் பாக்கணும், காலியா இருக்கான்னு ரெண்டு தடவ பாத்துட்டு உறை போட்டு கடைக்குக் கொண்டாங்க. லைசென்ஸ் புக்கும் கூட வரணும், அது இல்லாம துப்பாக்கி மட்டும் வந்தா நா உறையக்கூட அவுக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கடை கெடையாது.